ஹேண்ட்லிங் சார்ஜும் ராகுகாலமும்

எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் ஒரு கட்டடத்துக்குள் சும்மா நுழைந்துவிட மாட்டார்கள். ஆஸ்பத்திரியோ, தாலுகா ஆபீஸோ, ஜவுளிக்கடையோ, முதலில் "உள்ள நம்ம ஆளு யாரு உண்டு?" என்று நாலு பேருக்குப் போன் போட்டு விசாரித்து, ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் படியேறுவார்கள். நம்ம ஆள் இருந்தால் என்ன நடக்கும்? அதே வேலைதான் நடக்கும், அதே நேரம்தான் ஆகும். கூட ஒரு சாயா கிடைக்கும். அந்தச் சாயாவுக்காகத்தான் நாங்கள் தலைமுறை தலைமுறையாக நம்ம ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

லாரி வாங்குவது என்று முடிவானதும் என் வீட்டுக்காரர் செய்த முதல் காரியமும் அதுதான். எந்த வண்டி, எத்தனை டன் ஏற்றலாம், மைலேஜ் எவ்வளவு என்பதெல்லாம் பிறகு. நாகர்கோவில் ஷோரூமில் நம்ம ஆள் யார்? போனைக் காதிலிருந்து எடுக்காமல் தேடினார். கடைசியில் ஆள் கிடைத்தார். என் மாமியாருடைய சித்தி மகளைக் கட்டியவரின் தங்கை மாப்பிள்ளை, அங்கே மேனேஜர். அந்த உறவை மூச்சு வாங்காமல் சொல்ல எனக்குப் பயிற்சி வேண்டியிருந்தது. அதற்குள் எங்கள் வீட்டில் அவர் "நம்ம தம்பி" ஆகிவிட்டார்.

"இனி ஒண்ணும் பயப்படாண்டாம் கேட்டியா. எல்லாம் நம்ம தம்பி பாத்துக்கிடுவான்" என்றார் வீட்டுக்காரர்.

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. நான் அஞ்சுகிராமத்தில் பலசரக்குக் கடை நடத்துகிறவள். சொந்தக்காரர் கடைக்கு வந்தால் என்ன விலை போடுவோம் என்று எனக்குத் தெரியும். அந்நியர் என்றால் விலை கேட்பார், பேரம் பேசுவார், பிடிக்காவிட்டால் எதிர்க்கடைக்குப் போவார். சொந்தக்காரர் விலையே கேட்க மாட்டார், கேட்டால் மரியாதைக் குறைவு. சொன்னதைக் கொடுத்துவிட்டு, வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்துவிட்டும் போவார். அவரைப்போல ஒரு நல்ல வாடிக்கையாளர் வேறு கிடையாது.

என் வீட்டுக்காரர் கல்ஃபில் ட்ரெய்லர் ஓட்டியவர். பதினாலு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், வீட்டில் எந்த ஸ்விட்ச் எந்த பல்புக்கு என்று பழகுவதற்குள் திரும்பிப் போவார். இந்தத் தடவை வந்தவர், "இனி போகல்ல" என்றார். சொந்தமாக ஒரு சின்ன லாரி வாங்கி, நம் பக்கத்து ஏத்தன் வாழைக்குலையையும் தேங்காயையும் திருவனந்தபுரத்தில் சாலை என்கிற சந்தைக்கு லோடு அடிக்கலாம். ஓணத்துக்கு முன்னால் வண்டி இறங்கிவிட்டால் அந்தச் சீசன் ஓட்டத்திலேயே காலூன்றிவிடலாம். அப்படி அவர் ஒரு கணக்குப் போட்டிருந்தார்.

காலூன்றாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் கணக்கு இருந்தது. கல்ஃபுக்குத் திரும்பிப் போக அவருடைய ரீஎன்ட்ரி விசா ஆவணிக் கடைசி வரைக்கும் உயிரோடு இருந்தது. வேலையை அவர் விட்டுவிட்டு வரவில்லை, லீவில்தான் வந்திருந்தார். பாங்கில் லோன் சரியாகிவிட்டது, நாங்கள் போட வேண்டிய பங்கும் கையில் இருந்தது. அதற்குமேல் டீசலுக்கும் முதல் சில தவணைகளுக்கும் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்தோம். அதில் ஷோரூம்காரன் கை வைத்தால் வண்டி தரையில் நிற்கும், மனுஷன் ஆகாயத்தில் பறப்பார். அதனால் அங்கே யார் எந்த சார்ஜைச் சொன்னாலும் எனக்கு ரூபாய்க் கணக்கு காதில் விழவில்லை. அவர் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடுகிற சத்தம்தான் விழுந்தது.

ஆடி மாசத்தில் போனோம். அது என் யோசனை. ஆடியில் நம் ஜனங்கள் வண்டி எடுக்க மாட்டார்கள், ஷோரூமில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள், விலையில் இறங்கி வருவார்கள். புக்கிங் ஆடியில், டெலிவரி ஆவணியில். சாமிக்கும் நஷ்டமில்லை, நமக்கும் லாபம்.

"வாங்கோ அண்ணாச்சி! வாங்கோ மைனி!" என்று மேனேஜர் வாசலுக்கே வந்துவிட்டார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்றுதான் சொல்வோம். அரை நிமிஷத்துக்கு முன்னால்வரை என்னைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் இப்படிக் கூப்பிட்டதும் என் கை தானாகவே கைப்பையை இறுக்கிக்கொண்டது. ஏ.சி. அறையில் உட்காரவைத்தார். சாயா வந்தது. பிறகு யார் வீட்டில் யார் செத்தது, யார் மகள் எங்கே வாழ்க்கைப்பட்டது, யார் வீட்டுப் பாகப்பிரிவினை கோர்ட்டில் கிடக்கிறது என்று பேச்சு நடந்தது. வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. பதினாலு வருஷம் பேச ஆளில்லாமல் இருந்தவர், பாவம். இந்த விசாரிப்புக்கும் தனியாக ஒரு சார்ஜ் இருக்கும் என்று நான் மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொட்டேஷன் வந்தது. வண்டியின் விலை முதல் வரியில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. அது கம்பெனி போட்ட விலை, அதில் யாரும் கை வைக்க முடியாது என்று மேனேஜர் சொன்னார். அதில் வைக்க வேண்டாம், அதன் கீழே கை வைக்க நிறையவே இருந்தது. கல்யாண வீட்டுக்கு ஒருவரை அழைத்தால் ஒரு வேன் நிறைய ஆள் வந்து இறங்குமே, அதுபோல அந்த ஒரு வரியின் பின்னால் வரிசையாக சார்ஜுகள் இறங்கி நின்றன.

"இந்த ஹேண்ட்லிங் சார்ஜுன்னா என்னது தம்பி?"

"அது வண்டிய ஹேண்டில் பண்ணுததுக்கு மைனி."

"யாரு பண்ணுதா?"

"நாங்கதான். கம்பெனியில இருந்து வந்த வண்டிய எறக்கி, களுவித் தொடச்சி, பத்திரமா நிப்பாட்டி..."

"நானும் கடையில அரிசி மூடைய எறக்கி, பத்திரமா அடுக்கிதான் வைக்கேன். ஒரு கிலோ வாங்க வந்தவங்ககிட்ட எறக்கினதுக்கு இவ்வளவு, அடுக்கினதுக்கு இவ்வளவுன்னு கேக்கலாம்னு இத்தன வருசம் தெரியாமப் போச்சே."

மேஜைக்கு அடியில் என் கால் மிதிபட்டது. வீட்டுக்காரரின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது, செருப்பு மட்டும் கோபமாக இருந்தது.

அடுத்து லாஜிஸ்டிக்ஸ். அது வண்டி இங்கே வந்து சேர்ந்த செலவாம். விலைக்குள் அது சேராதா என்று கேட்டேன். சேரும், ஆனால் முழுசாகச் சேராது என்றார். மல்லியும் மிளகாயும் விற்கிற நான் இப்படி ஒரு பதிலை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. மனப்பாடம் செய்துகொண்டேன்.

அதற்குக் கீழே ஆக்சஸரீஸ் பேக். சீட்டுக்கு உறை, காலடிக்கு விரிப்பு, போன் மாட்டுகிற கொக்கி, ஒரு செண்டு பாட்டில். செண்டு மல்லிகை வாசனையாம்.

"ஏத்தன் குலை ஏத்துத வண்டிக்கு மல்லியப்பூ வாசம் எதுக்கு தம்பி? தோவாளைக்குப் பூ எடுக்கவா போறோம்?"

"பேக்கோட சேர்ந்தது மைனி. செண்ட மட்டும் எடுக்க முடியாது."

"செண்ட மட்டும் எடுக்காண்டாம். பேக்க பூராவும் எடுத்திருங்கோ."

"சும்மா இரிட்டி" என்று வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "நம்ம தம்பில்லா. அவன் நமக்குக் கூட்டியா போடுவான்?"

மேனேஜர் கண்கலங்காத குறையாக என்னைப் பார்த்தார். "மைனி, வெளி ஆளுன்னா நான் இவ்வளவு பேசவே மாட்டேன். நம்ம குடும்பம்னுதான் இப்பிடி இருந்து பொறுமையா சொல்லுதேன்."

"அப்பம் ஒரு காரியம் செய்யுங்கோ. எங்கள வெளி ஆளா வச்சிக்கிட்டு வெளி ஆளுக்குள்ள வெலையச் சொல்லுங்கோ."

நான் போனை எடுத்து மேஜைமேல் வைத்தேன். களியக்காவிளை தாண்டி, கேரளாப் பக்கம் ஒரு ஷோரூமில் கேட்டு வாங்கிய கொட்டேஷன். அங்கே எனக்கு நம்ம ஆள் யாரும் இல்லை. அதனால் ஹேண்ட்லிங் சார்ஜும் இல்லை. ஒரு நல்ல அந்நியனிடம் எவ்வளவு சுருக்கமாக விலை பேசலாம் என்பதற்கு அது சாட்சி.

"கேரளாவுல எடுத்தா இங்க ரெஜிஸ்ட்ரேஷனுக்கு அலையணும் மைனி."

"அலையுதேன். கல்ஃபுக்கு அலையுததவிட அது கிட்டதான்."

அன்றைக்கு முடியவில்லை. ஆடி முழுக்க இது நடந்தது. ஒவ்வொரு தடவையும் சாயா, ஒவ்வொரு தடவையும் குடும்ப விசேஷம், ஒவ்வொரு தடவையும் ஒரு சார்ஜ் கழன்று விழும். ஹேண்ட்லிங் போனது. செண்டு பாட்டில் தன் பரிவாரத்தோடு போனது. இன்ஷூரன்ஸை வெளியே எடுத்துக்கொள்கிறோம் என்றதும் அதுவும் தானாகவே இறங்கி வந்தது. லாஜிஸ்டிக்ஸில் பாதியை நான் விட்டுக்கொடுத்தேன். எல்லாவற்றையும் நானே ஜெயித்தால் மேனேஜர் வீட்டுக்குப் போய் என்ன சொல்வார்? ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் கை படாமல் கணக்கு முடிந்தது. அட்வான்ஸைக் கட்டிவிட்டு வெளியே வந்தோம்.

வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எனக்கு முன்னாலேயே நடந்தார். அப்புறம், "இனி அவன் வீட்டு விசேஷத்துக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?" என்றார்.

"போயி மொய்ய கொஞ்சம் கூட எழுதுங்கோ. ஹேண்ட்லிங் சார்ஜுன்னு."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. குடையை மறந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பி ஷோரூமுக்குப் போனார். உண்மையில் மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருக்கிறார். பெண்டாட்டி நாக்கு அப்படி, மனசில் வைத்துக்கொள்ளாதே தம்பி என்று. வெறும் மன்னிப்போடு திரும்பியிருந்தால் பாதகமில்லை. பேரம் பேசி உறவை அறுத்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சியில், உறவைத் திரும்ப ஒட்டவைக்க ஒரு ரகசியத்தையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரம். ஆவணியில் இன்ன வெள்ளிக்கிழமை, ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் உள்ளே சாவி கைக்கு வந்துவிட வேண்டும். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதை விட்டால் ஓணத்துக்கு முன்னால் அவர் ஜாதகத்துக்கு வேறு நாள் இல்லை.

சாயங்காலம் இதைப் பெருமையாக என்னிடம் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் கடைக்கு வந்து, "வீட்டுல ஒரு துண்டு வெல்லம் கூட கெடையாது, நாளைக்கு விடியக்காலத்துல பாயசம் வைக்கணும்" என்று கடைக்காரியிடம் யாராவது சொல்வார்களா? சொல்கிறார்கள். அவர்களை நம்பித்தான் நான் கடை நடத்துகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. ஒன்பதேகாலுக்கே மாலை, எலுமிச்சம்பழம், சந்தனம், கற்பூரம் எல்லாவற்றோடும் போய் நின்றோம். ஷோரூம்காரர்கள் தங்கள் பங்குக்கு பலூன் கட்டி, கேக் வாங்கி வைத்து, போட்டோவுக்காக அட்டையில் செய்த ஆள் உயரச் சாவி ஒன்றையும் சாத்திவைத்திருந்தார்கள். அட்டைச் சாவி தயாராக இருந்தது. வண்டிச் சாவிதான் வரவில்லை. மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். கேஷியர் டிராஃபிக்கில் இருந்தார். பிரிண்டரில் மை இல்லை. ஒன்பதரைக்குத் தொடங்கிய நல்ல நேரத்தில் பெரும்பகுதியை நாங்கள் சோபாவில் உட்கார்ந்து கழித்தோம். வீட்டுக்காரர் நிமிஷத்துக்கு ஒருமுறை சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும், வாட்சைப் பார்ப்பதும், இரண்டும் ஒத்துப்போவதில் வருத்தப்படுவதுமாக இருந்தார்.

பத்தேகால் தாண்டிய பிறகு மேனேஜர் ஓட்டமும் நடையுமாக வந்தார், பில்லோடு. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். புதிதாக இரண்டு வரிகள். ஒன்று டெலிவரி பிராசஸிங் சார்ஜ். இன்னொன்று யார்டு சார்ஜ். ஆடியில் புக் செய்து ஆவணியில் எடுக்கிறோம் அல்லவா, அதுவரை வண்டி அவர்கள் இடத்தில் நின்றதற்கு வாடகை. இரண்டையும் கூட்டினால் பழைய ஹேண்ட்லிங் சார்ஜ் ஒரு ரூபாய் குறையாமல் வந்தது. ஆடியில் துரத்திவிட்ட ஆசாமி ஆவணியில் சட்டையை மாற்றிக்கொண்டு, மீசையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவு பாசத்தோடு ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. "நேரம் போய்க்கிட்டிருக்கு மைனி. முதல்ல ஒப்பப் போட்டுட்டு சாவிய வாங்குங்கோ. மத்தத பொறவு பேசுவோம்."

"குடுத்திரலாம்ட்டி" என்றார் வீட்டுக்காரர். நெற்றியில் வேர்த்து, இட்டிருந்த சந்தனம் வழிந்துகொண்டிருந்தது. "பத்து நிமிசம்தான் இருக்கு. குடுத்துத் தொலச்சிரலாம்."

கொடுத்திருக்கலாம். ஆனால் அதைக் கொடுத்தால் டீசலுக்கு வைத்த பணத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்க இன்னும் ஒரு வருஷம் போய்விட்டு வருகிறேன் என்பார். எனக்கு அவரைத் தெரியும். ஒவ்வொரு ஓட்டையையும் அவர் அப்படித்தான் அடைத்தார். வீடு கட்டினபோது ஒரு வருஷம். என் ஆபரேஷனுக்கு இரண்டு வருஷம். பதினாலு வருஷமும் இப்படி ஒவ்வொரு வருஷமாகத்தான் சேர்ந்தது.

நான் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தேன். கேக்கில் ஒரு துண்டைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"ராகுகாலம் பொறக்கட்டு தம்பி. நிதானமா பேசுவோம்."

"மைனி, வெளையாடாதீங்கோ."

"வண்டி எங்க பேருல ரெஜிஸ்டர் ஆயாச்சு. நம்பரும் வந்தாச்சு. பாங்கும் உங்களுக்குப் பைசா தந்தாச்சு. இனி இத யாருக்கு விப்பிய? வேணும்னா இங்கேயே நிக்கட்டு. யார்டு வாடகைய கூட்டி எழுதுங்கோ."

கடிகாரம் பத்தரையைத் தாண்டியது.

இந்த இடத்தில் என்னை வீரமங்கையாக யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் பகுத்தறிவு பேசுகிறவள் இல்லை. ராகுகாலத்தில் ஒரு அரிசி மூடைகூட நான் பிரித்ததில்லை. நாளைக்கு இந்த வண்டி டயர் வெடித்தாலும், வள்ளியூர்ப் பக்கம் ஒரு மாட்டை இடித்தாலும், குடும்பத்தில் எல்லாரும் என் பக்கம்தான் திரும்புவார்கள். இவள்தானே உட்கார்ந்து கேக் தின்றாள் என்பார்கள். அந்தப் பேச்சுக்கு என் ஆயுசு முழுக்கத் தவணை கட்டினாலும் தீராது. டயர் வெடிக்கும்போது உள்ளே இருக்கப்போகிறவர் அவர் என்பதும் எனக்குத் தெரியும். தட்டை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நல்ல நேரம் போனதும் மேனேஜருக்கும் பிடிமானம் போய்விட்டது. பயப்படுவதற்கு எங்களிடம் மிச்சம் எதுவும் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். பிரிண்டரில் திடீரென்று மை ஊறியது. புது பில்லில் அந்த இரண்டு வரிகளும் இல்லை. எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டோம். மணி பதினொன்று, ராகுகாலம் நட்டநடுவில்.

ஜெயித்துவிட்டேன். பன்னிரண்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இனி அவசரம் என்ன? பன்னெண்டு மணி தாண்டினதும் எடுத்துக்கிடலாம். நான் சாயா சொல்லுதேன்" என்றார் மேனேஜர். தோற்றுப்போனாலும் உறவுக்காரர்.

"ஆமா, அது செரி. இருந்துட்டே போவோம்" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். ஆடி முழுக்க அந்த மனுஷன் சொன்ன எதற்கும் நான் சரி சொன்னதில்லை. இதற்குச் சொன்னேன்.

வீட்டுக்காரர் எழுந்தார். மேனேஜரின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். வாங்கினார் என்பதைவிட எடுத்துக்கொண்டார் என்று சொல்ல வேண்டும். அவ்வளவு நேரம் வேர்த்துக்கொண்டிருந்த மனுஷன் அவர்தானா என்று இருந்தது.

"ஊரான் வண்டிய பதினாலு வருசம் ஓட்டினேன். ஒரு நாளாவது ராகுகாலம் பாத்தா எடுத்தேன்? போன்னா போவேன், வான்னா வருவேன். எனக்கு என்ன ஆச்சி?" என்றார். மேனேஜரிடம் சொன்னாரா, என்னிடம் சொன்னாரா, தெரியவில்லை. "ஏறுட்டி."

ஏறினேன். அதற்கு முன்னால் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். கற்பூரம் காட்டியது ஷோரூமில் வேலை பார்க்கிற ஒரு பெண். அட்டைச் சாவியோடு போட்டோ எடுக்க மறந்துபோனது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அவருடைய வலது கை கியரைத் தேடி வெறும் கதவைத் துழாவியது. கல்ஃபில் ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கையில். கை கதவில் தட்டுப்பட்டதும் ஒரு விநாடி அப்படியே நின்றார். தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர்போல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அவருடைய இடது கையைப் பிடித்துக் கியர்மேல் வைத்தேன்.

"இந்தப் பக்கம்" என்றேன். அவர் முதல் கியரைப் போட்டார்.